உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர் ஓடத் தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விளையாட்டு நாளுக்குப் பிறகு பேருந்தைப் பிடிக்க மட்டுமே ஓடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வகைதான். 43 வயதில், 84 கிலோ எடையோடு, சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடத் தொடங்கினேன். அன்று முதல் அக்கம்பக்கத்தாரும் அலுவலக நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே கீழே உள்ளன. நான் மருத்துவனும் அல்லேன், பயிற்சியாளனும் அல்லேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

இரண்டு நிமிடம்கூட ஓட முடியவில்லை. எனக்கு ஓட்டம் ஒத்துவராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஏறக்குறைய எல்லோருக்கும் சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. ஓட்டம் என்றதும் நம் கால்களுக்கு நினைவுக்கு வருவது பள்ளி மைதானத்தின் நூறு மீட்டர் பந்தயம். முப்பது ஆண்டுகள் கழித்தும் உடல் அதே வேகத்தில் கிளம்பப் பார்க்கிறது. என் முதல் நாளில், எலியட்ஸ் கடற்கரையின் ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே கிளம்பியவன், நான்காவது விளக்குக் கம்பத்தை எட்டுவதற்குள் தொண்டை எரிய, விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் குரங்குக் குல்லா அணிந்திருந்த பெரியவர் ஒருவர், நான் கடந்து வந்த அதே தூரத்தை நடந்தே வந்து, என்னைத் தாண்டிப் போனார். மூச்சு வாங்கியதைவிட அது அதிகமாக உறுத்தியது.

நடந்தது இதுதான்: பயிற்சியில்லாத இதயமும் நுரையீரலும் கொடுக்கக்கூடிய ஆக்சிஜனைவிட அதிகமாகத் தசைகள் கேட்டன. கேட்கும் அளவைக் குறைத்தால், அதாவது வேகத்தைக் குறைத்தால், அதே உடலால் பல மடங்கு நேரம் ஓட முடியும். 1962இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் போவர்மன், தம் 51ஆம் வயதில் நியூசிலாந்து சென்றபோது, அங்கே அந்நாட்டு ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் ஆக்லாந்து நகரத்துச் சாதாரண மக்களுக்காக நடத்திவந்த மெல்லோட்டக் குழுவோடு ஓடிப்பார்த்துப் பின்தங்கிப் போனார். 70 வயதைக் கடந்த ஒருவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக வந்தார். உலகத் தரமான வீரர்களை உருவாக்கிய ஒருவருக்கே அதுதான் நிலைமை. ஊர் திரும்பியதும் அவர் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகளைத் தொடங்கினார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் என்பதே அவற்றின் அடிப்படை.

“மெதுவாக” என்றால் எவ்வளவு மெதுவாக?

ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணில் தொடங்கிப் பின்கோடு வரை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். இடையில் ஓரிரு முறை மூச்சு எடுத்துச் சொல்லி முடிக்க முடிந்தால் வேகம் சரி. தெருப் பெயரிலேயே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். இந்தக் கணக்கில் பலருக்கு முதல் மாதத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 8 முதல் 10 நிமிடம் ஆகும். அது விறுவிறுப்பான நடையின் வேகத்துக்கு மிக அருகில் இருப்பதால் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதுவே சரியான வேகம்.

கைக்கடிகாரத்தின் இதயத்துடிப்புக் கணக்கை முதலிலேயே நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு கிடைக்கும் என்பது ஒரு சராசரிதான். தனிமனிதருக்கு அது பத்துத் துடிப்புக்கு மேலும் விலகலாம். இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்குத் துடிப்பு செயற்கையாகவே குறைந்திருக்கும் என்பதால் அந்தக் கணக்கு முற்றிலும் பொருந்தாது.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

நாற்பதைக் கடந்து, பல ஆண்டுகளாக உடற்பயிற்சியே செய்யாதவர் என்றால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், மயங்கி விழுந்த அனுபவம், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் எவருக்கேனும் இளம் வயதிலேயே மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டாயம் பார்க்க வேண்டும். இசிஜி முதலிய சோதனைகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

சர்க்கரைக்காக இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓட்டத்தின்போதும் அதற்குப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். சட்டைப் பையில் நாலைந்து குளுக்கோஸ் மிட்டாயோ சர்க்கரைப் பொட்டலமோ இல்லாமல் அவர்கள் கிளம்பக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது என்பதால், ஓடி வந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் கண்ணால் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

பெண்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 53.4 விழுக்காட்டினருக்கு, இரத்தசோகை உள்ளது. எவ்வளவு மெதுவாக ஓடினாலும் மூச்சு வாங்குகிறது, நாள் முழுதும் அசதியாக இருக்கிறது என்றால், பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பல மாதங்கள் “நான் சோம்பேறி” என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்த என் உறவுக்காரப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு ஆகியவை தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள். நின்ற பிறகும் குறையவில்லை என்றால் 108ஐ அழைக்கவும். “வாயுவாக இருக்கும்” என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

எந்தத் திட்டத்தைப் பின்பற்றுவது?

உலகெங்கும் அதிகம் பேர் பின்பற்றுவது, 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த “கவுச் டு ஃபைவ் கே” என்னும் ஒன்பது வாரத் திட்டம். சோபாவில் கிடப்பவரை 5 கிலோமீட்டர் ஓட வைப்பது என்று பொருள். வாரம் மூன்று நாள் மட்டுமே ஓட்டம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விறுவிறுவென நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில் 90 விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை. இப்படியே ஓட்டம் நீண்டு, நடை குறைந்து, ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓடுவதில் முடிகிறது.

இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு; ஆனால் எடை கூடிய, நாற்காலியிலேயே காலம் கழித்த நம் உடலுக்கு இதன் வேகம் சற்று அதிகம் என்பது என் கருத்து. ஐந்தாம் வாரத்தின் இரண்டாம் நாளில் எட்டு எட்டு நிமிடமாக இருமுறை ஓடச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளிலேயே 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்கிறது. அந்த இடத்தில் கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு மாற்றங்களைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, தொடங்கும் முன் மூன்று நான்கு வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம் நடை மட்டும். இரண்டாவது, எந்த வாரம் கடினமாக இருந்ததோ அந்த வாரத்தை அப்படியே மீண்டும் ஒருமுறை செய்வது. ஒன்பது வாரத் திட்டத்தை நான் பதினாறு வாரத்தில் முடித்தேன்.

கடைசிவரை நடையும் ஓட்டமும் கலந்தே போக விரும்பினாலும் குற்றமில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, நடை இடைவெளிகளோடு மாரத்தான் ஓடும் முறையைப் பல பத்தாண்டுகள் கற்பித்துவந்தார். இடையில் நடந்தால் அது ஓட்டமே ஆகாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஓடாதவர்கள்.

நன்றாகத்தான் போகிறது. தினமும் ஓடினால் சீக்கிரம் முன்னேறலாமே?

இந்த எண்ணம் ஆறாவது, ஏழாவது வாரத்தில் எல்லோருக்கும் வருகிறது. காயங்களில் பெரும்பகுதியும் அதையொட்டித்தான் வருகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்கின்றன. தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதக்கணக்கில் ஆகும். எனவே இரண்டு மாதத்தில், “இன்னும் ஓடு” என்று மூச்சு சொல்கிற அதே நேரத்தில், கால் எலும்பு பாதி வேலையைக்கூட முடித்திருக்காது. ஓடும் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து கால் வழியாக ஏறுகிறது. அந்த அதிர்வுக்கு ஈடுகொடுக்க எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்வது ஓடாத நாட்களில்தான்.

நான் இதைச் செவிவழியாகக் கேட்டும் நம்பவில்லை. ஏழாவது வாரத்தில் வாரம் ஆறு நாள் ஓடினேன். பத்தாம் நாளில் இடக்காலில், கணைக்கால் எலும்பின் உட்புறமாக ஒரு சாண் நீளத்துக்கு, விரலால் தடவினாலே வலித்தது. ஓட்டக்காரர்கள் இதை “ஷின் ஸ்பிளிண்ட்” என்பார்கள். மூன்று வாரம் நடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆறு நாள் ஓடி மிச்சப்படுத்தியதைவிட இழந்தது அதிகம்.

வலியைப் பிரித்தறிவதற்கு ஒரு பொதுவழி உண்டு. தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டு பக்கமும் சமமாக, தசை முழுவதும் பரவி, இரண்டு மூன்று நாளில் அடங்கும் வலி பயிற்சியின் கூலி. ஒரு காலில் மட்டும், எலும்பின் மேல், ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்து, ஓட ஓட அதிகமாகி, ஓய்விலும் தொடர்ந்தால், எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் ஓடக் கூடாது.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது இது. முழங்கால் மூட்டு கார் டயரைப்போல் ஓட ஓடத் தேய்கிற பொருளன்று. அளவோடு சுமை ஏறும்போது குருத்தெலும்பு உறுதிப்படவே செய்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினரிடமும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் அது 13.3 விழுக்காடு. ஓடியதால்தான் மூட்டு காப்பாற்றப்பட்டது என்று இதிலிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஏனென்றால் மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடியிருக்கலாம். ஆனாலும் மிதமான ஓட்டம் நல்ல மூட்டைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. ஏற்கெனவே வீக்கமோ, பழைய காயமோ, மூட்டுத் தேய்மானமோ உள்ளவர்களின் நிலை வேறு; அவர்கள் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

எந்த ஷூ வாங்குவது? கடற்கரையில் வெறுங்காலோடு ஓடலாமா?

ஓட்டத்துக்கென்று செய்யப்பட்ட, காலுக்குச் சரியாகப் பொருந்துகிற எந்த ஷூவும் போதும். 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் தொடக்கநிலையினருக்குத் தேவையானது கிடைத்துவிடும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது அணியப்போகும் அதே காலுறையோடு கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடைவெளி இருக்கிறதா என்று நின்ற நிலையில் அழுத்திப் பாருங்கள். இதனால் பலருக்கு வழக்கமான செருப்பைவிட ஓர் அளவு பெரியதாக வாங்க வேண்டிவரும். கடைக்குள்ளேயே நாலு அடி ஓடிப்பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதியின் மெத்தை செத்துவிடும். அதன்பின் அது காய்கறி வாங்கப் போவதற்கான ஷூ.

உலர்ந்த பொதிமணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இரட்டிப்பு வேலை செய்கின்றன. அலையோரத்து ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் ஒருபக்கமாகச் சரிந்திருக்கும். உடைந்த பாட்டில் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. முதல் ஆறு மாதம் ஷூவோடு, சமதரையில் ஓடுங்கள்.

நம் ஊர் வெயிலில் எந்த நேரத்தில் ஓடுவது?

விடியற்காலை, சூரியன் ஏறுவதற்கு முன். ஆனால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் விடியலிலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், வியர்வை ஆவியாகாமல் சொட்டச் சொட்ட வழிந்துகொண்டே இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், வழிந்தால் குளிராது. அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் மே மாதத்தில் இதயம் ஜனவரியைவிட வேகமாகத் துடிக்கும். இது உங்கள் தகுதி குறைந்துவிட்டதன் அடையாளமன்று. வெப்பத்துக்கு உடல் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை நேரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது தலைவலி, குமட்டல், உடல் சிலிர்ப்பு, பேச்சில் தடுமாற்றம் தோன்றினால் நிழலுக்குப் போய் உடலில் தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். பேச்சும் நினைவும் குழம்புவது உயிருக்கே ஆபத்தான வெப்பத்தாக்கு என்பதால் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் தாமதம் கூடாது.

ஓடும் முன் என்ன சாப்பிடுவது?

அரை மணி நேர ஓட்டத்துக்கு எதுவும் தேவையில்லை. பசித்தால் ஒரு வாழைப்பழம். காபி குடித்துப் பழகியவர்கள் குடித்துவிட்டு, வயிறு காலியான பிறகு கிளம்பலாம். ஓடி முடித்ததும் தாகத்துக்குத் தண்ணீர், வியர்வை மிகுந்த நாளில் உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம். விளம்பரத்தில் வரும் நிறம் போட்ட பானங்கள் அரை மணி நேரக்காரர்களுக்கு அல்ல.

எடை குறையுமா?

ஓட்டத்தால் மட்டும் அதிகம் குறையாது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 80 கிலோ எடையுள்ளவர் 3 கிலோமீட்டர் ஓடினால் செலவு சுமார் 240 கலோரி. திரும்பும் வழியில் ஹோட்டலில் சாப்பிடும் ஒரு மசால் தோசை அதை ஈடுகட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் குழு ஓட்டங்கள் பொங்கலும் வடையுமாக முடிகிற வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, பலரை வரவழைப்பதே அந்த வடைதான். கணக்கை மட்டும் சொல்லி வைக்கிறேன். எனக்கு முதல் ஆண்டில் குறைந்தது 4 கிலோ. ஆனால் தூக்கம் சீரானதும் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறியதும் எடை இறங்குவதற்கு முன்பே நடந்துவிட்டன.

எங்கே ஓடுவது? தெருவில் ஓட வெட்கமாக இருக்கிறது, நாய்களும் துரத்துகின்றன.

நடப்பவர்கள் கூடும் இடமே சிறந்தது. கோவை ரேஸ்கோர்ஸ், சென்னையில் மெரினா, பெசன்ட் நகர், மாவட்டத் தலைநகரங்களின் விளையாட்டு அரங்குகள் ஆகிய இடங்களில் அதிகாலையில் உங்களைவிட மெதுவாகப் போகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். “நடப்போம் நலம் பெறுவோம்” திட்டத்தின் கீழ், 2023 நவம்பரில் தொடங்கி, தமிழ்நாட்டின் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அடையாளம் கண்டுள்ளது. 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், ஐம்பதைக் கடந்த பிறகு நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்து நூறு அரை மாரத்தான்களுக்கு மேல் ஓடியவர்; வயதைக் காரணம் காட்டும் நண்பர்களிடம் நான் அவரைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

பெண்கள் பலருக்கு வெட்கம் என்பது உடை, பார்வை, பாதுகாப்பு மூன்றும் சேர்ந்தது. சுடிதார் அணிந்தும் ஓடலாம், துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டால் போதும். ஆனால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். இருட்டு விலகாத நேரத்தில் இருவராகப் போவது நல்லது.

நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், மெல்ல நடந்து கடக்கவும். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது. கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தெரிந்த தெரு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

ஓடும்போது விலாவில் பிடித்துக்கொள்கிறதே?

வயிறு நிறைந்திருப்பதும் வேகமும் பொதுவான காரணங்கள். நடைக்கு மாறி, பிடித்த இடத்தைக் கையால் அழுத்தி, வாய் வழியே நீளமாக மூச்சை விட்டால் ஓரிரு நிமிடத்தில் விடும்.

மழையால் பாதியில் விட்டுப்போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

வடகிழக்குப் பருவமழையில் எல்லோருக்கும் விட்டுப்போகும். ஒரு வாரம் விட்டிருந்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் போகவும். ஒன்றரை மாதத்துக்கு மேல் என்றால் மூன்றாம் வாரத்திலிருந்து தொடங்குவதே கால்களுக்குப் பாதுகாப்பு; முதல் முறை எடுத்துக்கொண்டதைவிட இந்தமுறை சீக்கிரம் ஏறிவிடும். காய்ச்சலால் விட்டுப்போயிருந்தால் கணக்கு வேறு. டெங்குவோ கடுமையான வைரஸ் காய்ச்சலோ வந்து போனவர், அன்றாட வேலைகளை அசதியின்றிச் செய்ய முடிகிற வரை நடையோடு நிறுத்திக்கொண்டு, மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஓட வேண்டும். ஈர ஷூவை வெயிலில் காயவைத்தால் பசை விட்டுப்போகும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு வைத்தால் மறுநாள் காலைக்குத் தயாராகிவிடும்.